டிஸ்கோ பாடியவள் என் வீட்டில்தான் இருந்தாள்

போன சனிக்கிழமை லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் இரண்டு இளம் பெண்கள். ஏதோ கலைவிழாவுக்கு என்னை அழைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இந்த நினைப்பு ஒரு வியாதி.

"அங்கிள், ஆன்ட்டி நிக்கிறாவா?"

ஆன்ட்டியா? என் மனைவி மல்லிகாவிடம் இவர்களுக்கு என்ன வேலை?

பழைய டிஸ்கோ பாடல்களைத் தேடிப் பிடித்து, புது பீட் போட்டு மேடையில் வாசிக்கும் பேண்ட் அவர்களுடையது. குரோய்டனில் பயிற்சி. எங்கள் காலத்து டிஸ்கோ மேல் இந்தப் பிள்ளைகளுக்கு இப்படியொரு காதல்! சிரித்துக்கொண்டே அவர்கள் நீட்டிய இசைத்தட்டு அட்டையை வாங்கிப் பார்த்தேன்.

சிரிப்பு நின்றுவிட்டது.

பெல்பாட்டம். மினுமினுக்கும் சட்டை. பம்மென்று முடி. கையில் மைக்... என் மனைவி!

கொழும்பில் பதிவான தமிழ் டிஸ்கோவாம். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தியதாம். நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். குளியலறையில்கூட இவள் ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை. கோபமா, அவமானமா — எனக்கே தெரியவில்லை.

பேச்சுக் குரல் கேட்டு மல்லிகாவும் வாசலுக்கு வந்தாள். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

மறப்பேனா? பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பாடச் சொல்வது எனக்குப் பிடிக்காத வழக்கம். 'பாட்டெல்லாம் வேண்டாம்' என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். அந்த முற்போக்கைப் பற்றி இந்தப் பத்தியிலேயே மூன்று தடவை பீற்றியிருக்கிறேன்!

"அண்டைக்குப் பாட ஆசையோடதான் இருந்தனான். இவருக்குப் பாட்டெண்டாலே ஆகாதாக்கும் எண்டு நினைச்சு விட்டிட்டன்."

விட்டுவிட்டாளாம். நான் சொன்ன இரண்டே சொல்லில்! எனக்கு வெட்கமாக இருந்தது. 'உமக்குப் பாட விருப்பமா?' என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

பிள்ளைகள் விஷயத்துக்கு வந்தார்கள். அடுத்த மாதம் மேடையில் அந்தப் பாட்டை அவளே பாட வேண்டுமாம்.

"குரல் போயிட்டுது பிள்ளை. இனி ஏலாது," என்றாள் மல்லிகா. ஆனால் அட்டையைக் கையிலிருந்து விடவில்லை.

"ஜஸ்ட் கேட்டுப் பாருங்கோ ஆன்ட்டி," என்று ஒருத்தி போனில் அவர்களுடைய புது பீட்டைத் தட்டிவிட்டாள். மல்லிகாவின் கால் தாளம் போட்டது. உதடு அசைந்தது. பாட்டு முடிவதற்குள்—

"புதன்கிழமை பிராக்டிஸுக்கு வாறன்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் காரில கொண்டுபோய் விடுறன்," என்றேன். செய்த பாவத்துக்கு ஒரு பரிகாரமாவது வேண்டாமா?

"வேண்டாம். ட்ரெயினில போறன். நீங்கள் பக்கத்தில நிண்டா எனக்குப் பாட வராது."

ஆகவே வாசகர்களே, நிகழ்ச்சிக்கு அவசியம் வாருங்கள். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து நிற்பார்... தயவுசெய்து காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்!