மெழுகு ஆப்பிளும் சிவப்பு மையும்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சத்து டீச்சர். எது சத்தான சாப்பாடு என்று பாடம் எடுக்க, பதினோரு வருடமாக ஐந்து அரசுப் பள்ளிகளுக்கு ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். பெட்டிக்குள் மெழுகு ஆப்பிள், மெழுகு முட்டை, மர மீன். ஆப்பிளில் யாரோ ஒரு பிள்ளையின் பல் தடம் பதிந்திருக்கிறது. யாருடையது என்று அவள் விசாரித்ததில்லை.

முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காலையில் அவள் வயிற்றுக்குள் போவது ஒரு டம்ளர் டீ மட்டும்.

"ஊருக்கெல்லாம் முட்டை, உனக்கு வெறும் டீயா?" என்பார் வீட்டுக்காரர்.

"நான் பாடம் எடுக்கிறவ. பரீட்சை எழுதுறவ இல்ல," என்று செருப்பை மாட்டுவாள்.

'இன்று காலை என்ன சாப்பிட்டாய்?' என்ற தாளை மாதம் ஒருமுறை பிள்ளைகள் நிரப்ப வேண்டும். கடைசிப் பள்ளியின் நாற்பத்திரண்டு பேரும் பால், முட்டை, பழம் என்று எழுதினார்கள். அவள் சிவப்பு மையில் சரி போட்டாள். கேள்வி கேட்டால் சரியான விடை எழுத வேண்டும். பள்ளிக்கூடம் அதைத்தானே சொல்லிக்கொடுத்திருந்தது! மேலதிகாரி சரிகளைக் கூட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார். இவ்வளவு வளமாக வீட்டிலேயே சாப்பிடும் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் முதல் பள்ளியில் கொடுக்கும் காலைப் பால் எதற்கு? உத்தரவு வந்துவிட்டது. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை அந்தப் பள்ளிக்குப் பால் வண்டி தாமதமானது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கரும்பலகையடியில் சுருண்டு விழுந்தாள்.

"யார் கண்ணு பட்டுச்சோ," என்றார் தலைமையாசிரியர்.

"கண்ணு இல்ல சார், வயிறு." சத்து டீச்சர் சிறுமியை மடியில் சாய்த்துக்கொண்டாள். "காலைல என்னம்மா சாப்பிட்ட?"

"பால், முட்டை, ஆப்பிள் டீச்சர்."

"நெஜமாவா?"

சிறுமி மிரண்டு போனாள். "வாழைப்பழமா டீச்சர்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்க் கரும்பலகையில் தன் விடையை எழுதினாள்: வெறும் டீ.

"ஐயையோ, டீச்சருக்கே தப்பு!" என்று கூச்சல்.

"தப்புதான், ஆனா உண்மை. இப்ப நீங்க எழுதுங்க. சரி, தப்பு எதுவும் போடமாட்டேன்."

நாற்பத்திரண்டு தாளில் இருபத்தொன்பது 'ஒன்றும் இல்லை', பன்னிரண்டு 'வெறும் டீ'. ஒன்றில் மட்டும், 'ராத்திரி மிஞ்சிய ரொட்டி, பாதி தங்கச்சிக்கு'.

மறுநாள் அவற்றை அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

"போன மாசம் எல்லாம் சரி, இந்த மாசம் எல்லாம் தப்பு! பதினோரு வருஷமா என்னம்மா கிழிச்சீங்க?"

"பாடம் மண்டையில நல்லா ஏறியிருக்கு சார். வயித்துலதான் எதுவும் இறங்கல."

"இதனால உங்க வேலையே போகலாம், தெரியுமா?"

"தெரியும் சார். நான் போட்ட சரிதான் பெரிய தப்பு. அதுக்காகப் பாலை நிறுத்தாதீங்க."

பால் நிற்கவில்லை, வேலையும் போகவில்லை. ஒரே மாதத்தில் பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தைச் சீரழித்துவிட்டாள் என்று கோப்பில் குறித்து, அவளை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் காலை பயிற்றுநர் தன் தகரப்பெட்டியிலிருந்து ஒரு புத்தம்புது மெழுகு ஆப்பிளை எடுத்து வைத்துக் கேட்டார்: "இன்னிக்குக் காலைல யார் யார் என்ன சாப்பிட்டீங்க?"

விடிவதற்குமுன் பஸ் ஏறி வந்திருந்த மற்ற முப்பது ஆசிரியர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பால், முட்டை, பழம்."

சத்து டீச்சர் மட்டும் கையைத் தூக்கினாள்.