பொதுக் கொடியில் காய்ந்த கட்டுத்துணிகள்

மூன்று வயதுப் பிள்ளையைச் சாகக் கிடப்பவரின் கட்டிலருகே விளையாட விட்டது சரியா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் கட்டில் போட்டோம். புண்ணைக் கழுவிக் கட்டுவதற்கு எனக்கும் பிளாக்கிலிருந்த இரண்டு பெண்களுக்கும் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். மூவரும் முறைவைத்துச் செய்வதாகப் பேச்சு. வாடை அதிகமானதும் ஒருத்தி வரவில்லை. கைக்குழந்தைக்காரியான இன்னொருத்தி பயந்து நின்றுவிட்டாள். எனக்கும் பயம்தான். ஒட்டுமா என்று டாக்டரைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒட்டவே ஒட்டாது என்றார்.

பழைய வேட்டியைக் கிழித்துத்தான் கட்டு. அதைக் கொதிக்கவைத்து நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும் என்பது நர்ஸின் கண்டிப்பு. வெயில் விழும் ஒரே இடம், பிளாக்கின் பின்னால் எல்லோருக்கும் பொதுவான கொடி.

மாடிவீட்டு அக்கா மறித்தார்.

"இன்னாம்மா, இத்தக் கொணாந்து இங்க போட்டுக்கீறே? எங்க புள்ளைங்க துணியும் இங்கதான கீது?"

"ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா."

"டாக்டரு இன்னா, நம்ம பிளாக்குலயா குடி கீறாரு?"

குழாயடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று துணிகளை வீட்டுக்குள் போட்டேன். ஈரம் போகவில்லை. புண்ணில் வைத்ததும் அண்ணி பல்லைக் கடித்தார்.

"என்னால உனக்கு எவ்வளவு பேச்சு. எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடும்மா."

மறுநாள் காலை, எல்லாத் துணியையும் பொதுக் கொடியிலேயே போட்டேன். அவற்றின் நடுவில் என் மகளின் கவுன்.

"அக்கா, என் பொண்ணு கவுனே இங்கதான் காயுது. எனக்கு இல்லாத பயம் உங்களுக்கு எதுக்கு?"

பொய். ஆனால் யாரும் எடுக்கவில்லை. அண்ணி கண்மூடும்வரை அங்கேதான் காய்ந்தன.

மகளை என் அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பவில்லை. அத்தை முனகினால் அவள் ஓடிப்போய் விரலைப் பிடித்துக்கொள்வாள். அண்ணி முனகலை விழுங்கிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அண்ணி போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மகள் தன் பொம்மையின் மார்பில் துணியைச் சுற்றி, "வலிக்குதா அத்தே? இன்னும் கொஞ்சந்தான்" என்கிறாள். நான் சொன்ன அதே வார்த்தைகள். தினமும் புதுக் கட்டு.

கொடியைப் பற்றி யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நாளைக்கே இன்னொருவர் அந்தக் கட்டிலில் படுத்தாலும் அங்கேதான் காயப்போடுவேன். ஆனால் அந்தப் பொம்மை? விளையாட்டை நிறுத்தச் சொல்லவா, அவளாக விடும்வரை விட்டுவிடவா? பிள்ளையையும் நோயாளியையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.