மோட்டாரின் போன் நம்பர்

எங்கள் முருங்கைத் தோட்டத்து மோட்டாருக்கு ஒரு போன் நம்பர் உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அந்த நம்பருக்கு அழைத்தால் மோட்டார் ஓடும். மறுபடி அழைத்தால் நிற்கும். ஓடத் தொடங்கியதும் போனிலேயே ஒரு பெண் குரல், மின்சாரம் எவ்வளவு வருகிறது என்பதையெல்லாம் நிதானமாகச் சொல்லி, "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று முடிக்கும். என் போனில் அது 'தோட்டம்' என்று பதிவாகியிருக்கிறது. கணவரின் போனில் 'மோட்டார் அண்ணாச்சி'.

"பேசுறது பொம்பளக் குரல்லா? அது எப்படி அண்ணாச்சி ஆவும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது அண்ணாச்சியோட வீட்டம்மா. அண்ணாச்சி வேலையா இருக்காரு, அவ எடுத்துப் பேசுதா" என்றார்.

அவருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை, கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறார். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வார விடுமுறைக்கு வருவார். நானும் மூன்று வயது மகளும் சாத்தான்குளம் பக்கத்தில் மாமனார் மாமியாரோடு இருக்கிறோம். கணக்கில் பட்டமும் பி.எட்.டும் முடித்து ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் உடைமரமும் நாலைந்து பனையுமாகக் கிடந்த மாமனாரின் இரண்டு ஏக்கரில் முருங்கை போடலாம் என்று சொன்னது நான்தான். சொட்டுநீர்க் குழாய் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். அதனால் அங்கே ஒரு பூ உதிர்ந்தாலும் அது என் கணக்கில்தான் விழும்.

முதல் பருவத்தில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பயிற்சிக்குப் போனேன். இடைவெளி விட்டு நட்டேன். செடி இடுப்புயரம் வருவதற்குள் நுனியைக் கிள்ளிவிட்டேன்; கிளைகள் நாலாபக்கமும் வெடித்தன. தேரி மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஊற்றிய கையோடு கீழே இறங்கிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே தினமும் தண்ணீர் விட்டேன். தோட்டம் கரும்பச்சையாக நின்றது. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு பூத்தது. பூத்த வேகத்தில் உதிர்ந்தது. காலையில் போனால் செம்மணல் மேல் உப்புப் பூத்ததுபோல் கிடக்கும். தாகத்தில்தான் உதிர்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் பனை ஓரத்துக் கடைசி வரிசையில் அணில் குழாயைக் கடித்துவைத்தது. தண்ணீர் வீணாக வேண்டாமென்று குழாயை மடித்துக் கட்டிவிட்டு வந்தேன், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்று. மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். டாக்டர், மருந்து, ஈரத்துணி என்று நாட்கள் போயின. மற்ற வரிசைகளுக்கு வீட்டிலிருந்தே போனில் தண்ணீர் விட்டேன். கடைசி வரிசை எனக்கு மறந்தே போயிற்று. நினைவு வந்து ஓடியபோது அந்த மரங்கள் இலை வெளுத்து, பாதி மொட்டையாக நின்றன. பிள்ளையைப் பட்டினி போட்டதுபோல் இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தோட்டத்திலேயே அந்த வரிசையில்தான் பிஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது.

அதை நான் உடனே நம்பவில்லை. கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். பனை நிழலாக இருக்கலாம் என்று யோசித்தேன். மண் வேறாக இருக்கலாம். விதை வேறாக இருக்கலாம். கடைசியாக வந்த கொஞ்சம் பூவை வைத்து, நடுவில் ஒரு வரிசைக்கு வேண்டுமென்றே தண்ணீரை மூடிப் பார்த்தேன். அங்கே நிழலும் இல்லை, மண்ணும் ஒன்றுதான். அதுவும் காய் பிடித்தது. அதற்குப் பிறகுதான் பயிற்சியில் சொன்னதை மறுபடி கேட்டுத் தெளிந்தேன். பூக்கிற காலத்தில் தண்ணீர் அதிகமானால் மரம் தழைக்குத்தான் போகும், பூவை உதறிவிடும். அன்றைக்கும் இதைச் சொல்லியிருப்பார்கள். நான்தான் தேரி மணலுக்கு இது பொருந்தாது என்று விட்டிருப்பேன்.

ஆனால் அந்தப் பருவம் முடிந்துவிட்டிருந்தது. எங்கள் கோயிலில், சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கொண்டுபோகிற அளவுக்குக்கூட எங்கள் தோட்டத்தில் நேரான காய் இல்லை. மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வெறுங்கையோடு போகக்கூடியவர் இல்லை. கடையில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஏலம் விட்ட அண்ணாச்சி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"சார்வாள் தோட்டத்து முருங்கக்கா! மருமவ வச்ச தோட்டம்! பாத்துக் கேளுங்க, சும்மா கேக்காதிய!"

சுற்றிலும் கை தட்டினார்கள். மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார்: "சோலார் பேனல் போட நெலம் வேணும்னு அந்தக் கம்பெனிக்காரங்க ரெண்டு தடவ வந்து கேட்டுட்டாங்க. அடுத்த பண்டிகைக்கும் கடைக்காய்தான்னா, நெலத்தக் குத்தகைக்கு விட்டுருவோம்மா. ஒனக்கும் புள்ளயப் பாக்க நேரம் கெடைக்கும்." கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த பருவத்துக்கு நான் செய்தது பெரும்பாலும் செய்யாமல் இருந்ததுதான். மரங்களை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டோம். உரம் வைத்தோம். தண்ணீரை மழை பார்த்துக்கொண்டது. மழை ஓய்ந்து தழை நன்றாகத் திரண்டதும் மோட்டாரை நிறுத்தினேன். இலை லேசாக வெளுக்கும் வரை காயப்போட்டேன். மொட்டு கண்ட பிறகு, நாலைந்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். பூவில் வண்டு வந்து மொய்க்க வேண்டும் என்பதால் மருந்தடிப்பதையும் நிறுத்தினேன். மகளை மட்டும் வண்டுகளுக்கு எட்டாத தூரத்தில், வேம்பின் கீழ் உட்காரவைத்துவிட்டு வேலை பார்ப்பேன்.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. "பால்குடிப் புள்ளைக்கிப் பால் குடுக்காம போடுத மாதிரில்லா இருக்கு" என்றார் மாமியார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியை நிறுத்தி, "என்ன டீச்சரம்மா, தோட்டம் உபவாச ஜெபத்துல இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. முடிச்சிட்டுச் சாப்பிடும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றிரவு தூக்கமில்லை.

பூ வந்தது. முதல் சில நாட்கள் நின்றது. பிறகு ஒரு காலையில் மரத்தடியில் மறுபடி வெள்ளை. குனிந்து பார்த்தேன். குழாயில் தண்ணீர் சொட்டும் துளைகளுக்குக் கீழே மணல் ஈரமாக, கருப்பட்டி நிறத்தில் இருந்தது. நான் தண்ணீர் விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளேயும் ஈரம்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். நிறுத்த மறந்திருப்பேன். பையில் இருந்த போன் தானாக அழைத்திருக்கும். மகள் விளையாடும்போது அழுத்தியிருப்பாள். போனுக்குப் பூட்டுப் போட்டேன். வால்வைத் திருகிப் பார்த்தேன். குழாய் நெடுக நடந்து ஒழுகுகிறதா என்று பார்த்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி ஈரம், மறுபடி உதிரல்.

அன்று சாயங்காலம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோட்டத்தின் இந்தக் கோடியில் நின்று உதிர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் அறை அந்தக் கோடியில். அங்கே யாரும் இல்லை. திடீரென்று மோட்டார் ஓடத் தொடங்கியது.

"அம்மா, தண்ணி!" என்று மகள் கை தட்டினாள்.

நிறுத்துவதற்காக உடனே போனை எடுத்துத் தோட்டத்தை அழைத்தேன். "நீங்கள் தொடர்புகொள்ளும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்" என்றது.

என் மோட்டார் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறது. யாருடன்? ஸ்டார்ட்டரில் பதிந்த நம்பரிலிருந்து அழைத்தால்தான் அது ஓடும். பதிந்திருப்பது இரண்டே நம்பர்தான், என்னுடையதும் கணவருடையதும். கணவரை அழைத்தேன். அவரும் வேறொரு அழைப்பில் இருந்தார்.

மறுபடி அழைத்தபோது எடுத்துவிட்டார்.

"யாருகிட்ட பேசிட்டு இருந்திய?"

"நானா? சும்மா... ஒரு ஆளுகிட்ட."

"அந்த ஆளு இப்ப இங்கன ஓடிட்டு இருக்காரு அத்தான். சத்தம் கேக்குதா?" என்று போனை மோட்டார் பக்கம் நீட்டினேன்.

அவருக்குப் பின்னால் துறைமுகத்து லாரிகளின் ஹாரன் கேட்டது.

"அண்ணாச்சி வீட்டம்மா காட்டிக் குடுத்துட்டாளா?"

"சிரிக்காதிய. எத்தன நாளா?"

"ஒண்ணுவிட்டு ஒரு நாளு. அரமணி நேரம்தான். கிரேன்ல மேல உக்காந்திருக்கும்போது வெயிலப் பாத்தா பயமா இருந்துச்சுளா. பூ காஞ்சிருச்சுன்னா அப்பா ஒன்னயத்தான் சொல்லுவாரு. நீயும் பயந்துட்டுத்தான் இருக்க. தெனமும் போன்ல குரலே சொல்லுது. அதான், நீ கேக்காமலே நான் விட்டுருவோம்னு."

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. மனிதர் என்மேல் உள்ள பாசத்தில் என் தோட்டத்தை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்.

"நான் பயந்தேன்தான். இப்பவும் பயம்தான்" என்றேன். "பயந்துக்கிட்டே தண்ணி விடாம இருந்தேன் பாருங்க, அதுதான் வேல. அதப் போயி நீங்க கெடுத்திட்டிய."

"என் நம்பரப் பெட்டியில இருந்து எடுத்துரு" என்றார்.

"எடுத்துரவா?"

"எடுத்துரு. இருந்தா கை சும்மா இருக்காது."

மோட்டாரை நிறுத்தினேன். அங்கேயே நின்று, அவர் நம்பரை நீக்கும் மெசேஜை அனுப்பினேன். நீக்கியாயிற்று என்று பதில் வந்தது. மகள், "அப்பாவுக்கு டாட்டாவா?" என்று கேட்டாள். "மோட்டாருக்குத்தான் அப்பா டாட்டா சொல்லிட்டாங்க" என்றேன்.

அதற்குப் பின் வந்த வாரங்கள் எனக்கு எளிதாக இருந்தன என்று சொல்ல முடியாது. வெயில் ஏறியது. மத்தியானத்தில் இலைகள் சோர்ந்து தொங்கும். 'தோட்டம்' என்ற பெயரைப் போனில் எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். அவர் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தார். "எதையும் தொடலை தாயி, பாத்துக்கோ" என்றார். நான் குறித்த நாளில், குறித்த நேரம் மட்டும் தண்ணீர் விட்டேன். உதிர்வது குறைந்தது. மரத்தடியில் வெள்ளை மறைந்து வெறும் செம்மணல் தெரிந்தது. ஒருநாள் காலை, பூக்காம்பின் நுனியில் பச்சை நூல்போல் பிஞ்சுகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஒரு கிளையில் பார்த்ததை நம்பாமல் அடுத்த கிளைக்குப் போனேன். அடுத்த மரத்துக்கு, அடுத்த வரிசைக்கு. எல்லாவற்றிலும் இருந்தது. இனி யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்வேன். எங்கள் மண்ணில், பூக்கிற காலத்தில், முருங்கைக்குக் குறைவாகத் தண்ணீர் விடுவதுதான் சரி.

அந்த வருடப் பண்டிகைக்கு மாமனார் தன் கையாலேயே காய் பறித்தார். நீளமான காய்களாகத் தேர்ந்து, பனை நாரால் கட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். அதே அண்ணாச்சிதான் ஏலம் விட்டார். "சார்வாள் தோட்டத்துக் காய்! போன வருசமும் இங்கனதான் ஏலம் போட்டோம்!" என்று ஆரம்பித்தார்.

"போன வருசம் கடைக்காய்" என்றார் மாமனார், எல்லோருக்கும் கேட்கும்படி. "இதுதான் தோட்டத்துக் காய்."

கோயில் வளாகமே சிரித்தது. உபவாச ஜெபம் என்று கேலி செய்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் விடாமல் ஏற்றிக் கேட்டு அந்தக் கட்டை எடுத்துக்கொண்டார். போகும்போது என்னிடம், "சாயங்காலம் வாரேன் டீச்சரம்மா, தண்ணிக் கணக்கச் சொல்லணும்" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியில் சோலார் ஆட்கள் மாமனாருக்குப் போன் செய்தார்கள். "எடம் கெடையாது தம்பி. மருமவ வெவசாயம் பாக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் ஒன்றும் கேட்காததுபோல் மகளின் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச தூரம் நடந்ததும் மாமனார் நின்றார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் எதையோ மெதுவாகத் தட்டினார். எட்டிப் பார்த்தேன். 'தோட்டம்' என்று பெயர் எழுதி, நம்பருக்கு இடம் விட்டு வைத்திருந்தார்.

"அந்த மோட்டாரு நம்பரச் சொல்லும்மா. நீ புள்ளயோட அலையுத. வெயிலா இருந்தா நானும் வீட்ல இருந்தே ஒரு தண்ணி விட்டுருவேன்லா."

"சொல்லுதேன் மாமா" என்றேன். "காய் பறிச்சு முடியட்டும்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.