லண்டனில் நாலு டிகிரி

நனைந்த கம்பளிக் கையுறைகளை ஹீற்றரின் மேல் காயப் போட்டால் சற்று நேரத்தில் ஒரு மணம் எழும்பும். பாதி ஈர ஆட்டினுடையதும் பாதி கருகிய தூசியினுடையதுமான அந்த மணம்தான் என் ஒன்பதாவது வயதின் பனிக்காலம் முழுவதும் எனக்குத் துணையாக இருந்தது. ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஆறாவது தட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வந்து, கழுத்தில் தொங்கும் திறப்பால் நானே கதவைத் திறந்து, நானே உள்ளே பூட்டிக்கொள்வேன். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. "ஆர் தட்டினாலும் திறக்காதை, ஆரும் போனிலை கேட்டால் அம்மா குளிக்கிறா எண்டு சொல்லு" என்பது அவருடைய நிரந்தரக் கட்டளை. அந்தக் கணக்கில் என் அம்மா நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் குளித்தார்.

வெளியே மூக்குமயிர் விறைக்கும் குளிர் என்றாலும் வீட்டுக்குள் ஒரு குறையும் இல்லை. கட்டடக்காரர்கள் ஹீற்றரை எரிக்கிற எரிப்பில் நான் கை இல்லாத சட்டையோடு நிலத்தில் படுத்துக்கிடந்து, நாள் முழுக்க வானிலை மட்டுமே சொல்லும் தொலைக்காட்சிச் சனலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் வேறு ஒரு விசேஷமும் இல்லை, யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், எனக்கு அது போதும்.

அப்பா லண்டனில் இருந்தார். எனக்கு நாலு வயதானபோது, ஓர் ஏஜென்சிக்காரனை நம்பிக் கனடாவுக்கென்று புறப்பட்டவர் இடையில் அங்கே தடக்கி நின்றுவிட்டார். பிறகு மாமா எங்கள் இருவரையும் இங்கே கூப்பிட்டார். அப்பாவின் அகதி வழக்கு முடிந்தால்தான் அவர் எங்களிடம் வரலாம். ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கிப் படைத்துவிட்டு அம்மா, "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்பார். தை மட்டும் தவறாமல் பிறந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா ரெலிபோன் "கார்ட்"டைச் சுரண்டி, அதிலுள்ள நீளமான இலக்கத்தை அழுத்தி, அப்பா வேலைசெய்யும் கடைக்கு எடுப்பார். அங்கே அப்போது பின்னேரம் மூன்று மணி. "கவுண்டரிலை நிக்கிற வேலைதான், ஒரு கஸ்ரமும் இல்லை" என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா பேசி முடித்ததும் ரெலிபோன் என்னிடம் வரும். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டியோ, படிக்கிறியோ என்று மூன்று கேள்விகள். சுகம், ஓம், ஓம் என்று மூன்று பதில்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. அவருடைய முகம் எனக்கு நினைவில்லை. அலுமாரியில் இருந்த கல்யாணப் படத்து மனிதருக்கு அந்தக் குரலைப் பொருத்திப் பார்த்தால் பொருந்தவும் இல்லை. அப்பாவோடு பேசுவது எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

அந்த வருடம் எங்கள் வகுப்பு ரீச்சர் ஒரு வேலை தந்தார். ஆளுக்கு ஒரு வரைபு. சிவப்புக் கோட்டில் ரொறொன்ரோவின் வெப்பநிலை, நீலக் கோட்டில் உலகத்தின் வேறொரு நகரம். ஒக்ரோபரில் தொடங்கி மே வரைக்கும் வாராவாரம் குறித்து, எந்த மாதம் எங்கே மிகக் குளிர், எங்கே மிகச் சூடு என்று ஒப்பிட வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஏதென்ஸையும் ஹொங்கொங்கையும் எடுத்துப் பத்திரிகையில் பார்த்து எழுதினார்கள். நான் லண்டனை எடுத்தேன். எனக்குப் பத்திரிகை எதற்கு, அங்கே உயிரோடு ஒரு மனிதர் இருக்கிறாரே என்ற திமிர்.

"அப்பா, உங்கை இண்டைக்கு எத்தினை டிகிரி?" என்று முதல் ஞாயிறு கேட்டேன். வகுப்பு, வரைபு என்ற விளக்கமெல்லாம் சொல்லவில்லை.

அவர் கொஞ்சம் தாமதித்து, "நாலு" என்றார். பிறகு, "உங்கை?" என்று கேட்டார்.

இப்படித்தான் எங்களுக்கு ஒரு பேச்சுக் கிடைத்தது. நவம்பரில் நான் "சைபர்" என்றேன், அவர் "மூண்டு" என்றார். டிசம்பரில் நான் "மைனஸ் ஒன்பது" என்றேன், அவர் "நாலு" என்றார். ஜனவரிக் கடைசியில் காற்றோடு சேர்த்து மைனஸ் முப்பதைத் தாண்டிப் போன ஒரு நாளில், ஏதோ நானே உண்டாக்கிய குளிர் என்பதுபோல, "மைனஸ் இருபத்தி நாலு! 'விண்ட் சில்' இன்னும் கூட!" என்று ரெலிபோனுக்குள் கத்தினேன். அப்பா, "ஐயோ பிள்ளை, உது மனிசர் இருக்கிற இடமே? ஜாக்கெற்றைக் கழட்டிப்போடாதை" என்றார். நான் கை இல்லாத சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். "உங்கடை நாலெல்லாம் ஒரு குளிரே? நாலுக்கு நாங்கள் இஞ்சை தொப்பியும் போடமாட்டம்" என்று நையாண்டி செய்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிறு எப்போது வரும் என்று நான் வெள்ளியிலிருந்தே பார்த்திருக்கத் தொடங்கினேன். பெப்ரவரியில் அம்மா, "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டு ஜன்னல் இடுக்குகளுக்குத் துணி அடைத்தபோது, "லண்டனிலை ஒண்டும் துளைக்காதம்மா, அங்கை எப்பவும் நாலுதான்" என்று விளக்கம் கொடுத்தேன்.

எங்கள் சிவப்புக் கோடு கிணற்றுக்குள் விழுந்து, மார்ச்சில் தத்தித் தத்தி ஏறி, ஏப்ரலில் துள்ளியது. நீலக்கோடோ ஒக்ரோபரில் எங்கே நின்றதோ அங்கேதான் நின்றது. மூன்று, நாலு, நாலு, மூன்று. ஆங்கிலேயருடைய மாதங்களுக்குப் பெயர்தான் வேறு வேறு, குளிர் ஒன்றுதான் என்று நான் முடிவுகட்டி, அதை ஒரு கண்டுபிடிப்பாகவே கீழே எழுதியும் வைத்தேன்.

மே தொடக்கத்தில் ரீச்சர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ஏப்ரல் முழுவதையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, இந்த எண்களை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டார். அப்பா சொன்னார், அவர் லண்டனில்தான் இருக்கிறார் என்றேன். பின்வரிசை வாங்கிலிருந்த ஒரு பையன், அப்படியென்றால் இவளுடைய அப்பா ஃபிரிட்ஜுக்குள்தான் குடியிருக்கிறார் என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். நான் சிரித்தது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அந்த ஞாயிறு, சாப்பிட்டியோ என்று அவர் கேட்க முதலே தொடங்கிவிட்டேன். "நீங்கள் சொன்னதெல்லாம் பிழை. ரீச்சர் வட்டம் போட்டிட்டா. வகுப்பிலை எல்லாரும் சிரிச்சவை."

"என்ன வகுப்பு, பிள்ளை?"

"கிராஃப்! லண்டன் ரெம்பரேச்சர் கிராஃப்! எட்டு மாசமாக் கீறினனான்."

அவர் மெல்ல, "எனக்குப் பிழைச்சுப் போச்சு, பிள்ளை. இனிப் பேப்பரைப் பாத்துச் சொல்லுறன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். அடுத்த ஞாயிறு பதினாறு, அதற்கடுத்தது பதினெட்டு. ஆனால் அந்த எண்களை நான் முன்பே பள்ளி நூலகத்துப் பத்திரிகையில் பார்த்துவிட்டிருந்தேன். பழைய மாதங்களையும் அங்கேயே தேடி எடுத்து, புதுத்தாளில் கீறிக் கொடுத்தேன். அதற்குக் கிடைத்த புள்ளியை அப்பாவுக்குச் சொல்லவில்லை, அம்மாவிடமும் காட்டவில்லை. ரெலிபோன் நீட்டப்பட்டால், "கார்ட் முடியப்போகுது, நீங்கள் கதையுங்கோ" என்று நழுவப் பழகிக்கொண்டேன். வரைபு முடிந்து, வகுப்பும் மாறிய பிறகும், அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுவாராம். அம்மா அடுப்படியிலிருந்து, "பிள்ளை, லண்டனிலை இண்டைக்குப் பன்ரெண்டு டிகிரியாம்" என்பார். நான் திரும்பியும் பார்க்கமாட்டேன்.

அவருடைய வழக்கு முடிய மேலும் ஆறு வருடம் பிடித்தது. ஒரு மாசிமாதம் விமான நிலையத்தில், மெலிந்து நரைத்த ஒரு மனிதர் எனக்கு முன்னால் வந்து நின்று, "வெளிக்கிடேக்கை அங்கை எட்டு, பிள்ளை" என்றார். பதினைந்து வயதின் முழு விறைப்போடு, மாமாவின் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில், ஆங்கிலத்தில் "ஓகே" என்றேன். அதோடு அவர் எனக்கு வெப்பநிலை சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

இப்போது அப்பா ரொறொன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் என்னோடு இருக்கிறார். அம்மா போய்ச்சேர்ந்து மூன்று வருடம். இந்தப் பக்கத்துப் புது வீடுகள் பெரியவை, நடந்துபோக ஒரு கடையும் இல்லை, நான் வேலைக்குப் போனால் அவர் தனியே. திரும்பி வந்து, சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ என்று கேட்பேன். அவர் ஓம், ஓம் என்பார். சுரண்டுகிற கார்ட்டும் பத்திரிகையில் உலக நகரங்களின் பட்டியலும் போய்விட்டன. என் கைத்தொலைபேசியில் லண்டனும் ரொறொன்ரோவும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து, தாமாகவே மாறிக்கொள்கின்றன. அங்கே எவ்வளவு குளிர் என்று ஒருவர் ஒருவரைக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

போன தைமாதம், லண்டனில் அப்பாவோடு வேலைசெய்த சிவம் அங்கிள் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், எங்கள் வீட்டிலும் ஒருநேரம் சாப்பிட்டார். அப்பா மதியத் தூக்கத்தில் இருந்தார். "கடையிலை எந்தக் கவுண்டரிலை நிண்டனீங்கள் ரெண்டு பேரும்?" என்று நான் சும்மா கேட்டேன்.

"கடையோ?" என்று சிரித்தார் அவர். "ஆர் பிள்ளை சொன்னது? அது மரக்கறி பழுதாகாமல் வைக்கிற 'கூல் ரூம்'. ஏழு நாளும் உள்ளுக்கைதான். ரெலிபோன் உள்ளுக்கை சுவரிலை இருந்தது, அதுக்கு மேலை உள்ளுக்கை எத்தினை டிகிரி எண்டு சிவப்பு எழுத்திலை நம்பர் எரியும். நீ கேட்ட உடனை அண்ணை நிமிந்து பாத்துத்தான் சொல்லுவார். என்ரை பிள்ளை என்ரை குளிரைக் கேக்கிறாள் எண்டு எங்களுக்கெல்லாம் பெருமையடிப்பார்."

நான் எழும்பிப் போய்க் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினேன். வெக்கை வீட்டுக்குள் நின்றுகொண்டு நான் வெளிக்குளிரைச் சொல்லி வீம்பு பேசியிருக்கிறேன். அவர் மட்டும்தான் தான் நின்ற இடத்துக் குளிரைச் சொல்லியிருக்கிறார்.

அங்கிள் போன பிறகு அப்பாவின் அறைக்குள் போய்க் கட்டில் விளிம்பில் இருந்தேன். "ஏனப்பா அண்டைக்கே சொல்லேல்லை?"

"கொம்மா பயந்துபோவா எண்டுதான்." பிறகு, இத்தனை வருடமும் வாயில் வைத்திருந்தவர்போல், "அந்தக் கிராஃபுக்கு உனக்கு மார்க்ஸ் குறைச்சுப் போட்டவையோ? கேக்க வேணும், கேக்க வேணும் எண்டு இருந்தனான். என்ரை பிழையெண்டபடியாலை கேக்க வெக்கமாக் கிடந்தது" என்றார்.

"இல்லையப்பா" என்றேன். "பத்துக்குப் பத்து."

"பத்துக்குப் பத்தோ!" அப்பாவின் முகம் முழுக்க விரிந்தது. சுவரில் இருந்த அம்மாவின் படத்தைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீரோ? பிள்ளைக்குப் பத்துக்குப் பத்தாம்" என்றார்.