மடித்த தாளில் அக்காள் எழுதிய வரி

என் அத்தான் சுவாமிதாஸ் பழவங்காடிப் பக்கம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். யார் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்தான் என் அக்காள் ரத்னாபாயைக் கோட்டைவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூற்று நாலில் அத்தான் மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தார். யார் கேட்டார்கள்? கூடவே சர்ரியலிசக் கவிதைப் பித்தும் பிடித்துக்கொண்டது. முதல் உலகப்போரைப் பார்த்து அறிவின்மேலேயே வெறுப்புக்கொண்ட பாரிஸ் இளைஞர்கள், யோசிக்காமல், மனதில் வந்ததை வந்தபடி எழுதினார்களாம். கனவும் கவிதையாம். தாளை மடித்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் ஆளுக்கொரு வரி எழுதுவது அவர்கள் விளையாட்டு. அந்தக் காற்று கடல் தாண்டிப் பல மொழிகளுக்கும் வந்தது. கடைசியில் அக்காள் வீட்டுக்கும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் அக்காளை உட்காரவைத்து விளையாடுவார். எழுதிய வரிக்கு அர்த்தம் கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

அக்காள் வாயில்லாப்பூச்சி. வயிறு வலிக்கிறது என்று ஒரே ஒருமுறை சொன்னாள். "வாயுவா இருக்கும். சுக்கு வெள்ளம் குடி, மாறிடும்" என்றார். அடுத்த ஞாயிறு அவள் எழுதினாள்: "என் வயிற்றில் ஒரு கல் குடியிருக்கிறது." அத்தான் துள்ளிக் குதித்தார். அச்சகம் முழுக்கக் காட்டினார். எனக்கும் காட்டினார். நானும் ஆகா என்றேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு "கல் வளர்கிறது" என்று எழுதினாள். "கல் சோற்றைத் தள்ளுகிறது" என்று எழுதினாள். எல்லாவற்றையும் தேதி போட்டு ஃபைலில் சேர்த்தார்.

வலி என்று சொன்ன எட்டாவது மாதம் அடுக்களையில் விழுந்தாள். ஸ்கேனில் வயிற்றுக் கட்டியைப் பார்த்த டாக்டர், "வேதன தொடங்கியிட்டு எத்ர நாளாயி?" என்று மலையாளத்தில் கேட்டார். அக்காள் அத்தானைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம தோறும் எழுதித் தந்தேனே. நீங்க வாசிக்கலியா?"

மூன்றே வாரம்.

அடக்கம் முடிந்த அன்று அவரை நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் போனேன். ஃபைலை மடியில் வைத்திருந்தார்.

"டே அருமநாயகம், அந்தக் கவிதைய ஆரம்பிச்சதுல சிலபேரு மருத்துவம் படிச்ச பயலுவ. பட்டாளத்து ஆஸ்பத்திரில சித்தம் கலங்கிக் கெடந்தவனுவ பேசுனத, பக்கத்துல இருந்து கேட்டானுவ. அதுல இருந்துதான் எல்லாம் தொடங்கிச்சு." ஃபைலை என்னிடம் நீட்டினார். "கேட்டானுவடே."

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். அக்காளின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும், பிழை திருத்தும் சிவப்பு மையில், புதிதாக ஒரே கேள்வியை எழுதியிருந்தார்.

"எங்க வலிக்குது, ரத்னா?"