அவளைத் தெரியாத ஒரு வாசகர்

என் தங்கையைப் பற்றி நான் எழுதி, நானே அச்சடித்து வெளியிட்ட புத்தகத்துக்கு ஒரே ஒரு மதிப்புரை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாராட்டித்தான் எழுத வேண்டும் என்றில்லை. அவளைத் தெரியாத, அவள் முகத்தையே பார்த்திராத யாராவது ஒருவர் படித்துவிட்டு அவளைப் பற்றி நாலு வரி எழுதினால் போதும். தெரிந்தவர்கள் வேண்டாம். தெரிந்தவர்கள் எல்லாரும் அவளைத் தப்பாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அவள் மல்லாபூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருமுல்கேரியில் அப்பா கட்டிய வீட்டிலிருந்து காலையில் கம்பெனி பஸ் ஏறுவாள், இருட்டுகிற நேரத்தில் வந்து இறங்குவாள். நான் காஞ்சன்பாக்கில் ஓர் அரசாங்க ஃபேக்டரியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். கணவர் காலமாகி, நானும் ஓய்வு பெற்ற பிறகு, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவளோடு வந்து சேர்ந்துகொண்டேன். சில வருடங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தோம். பிறகு வயிற்றில் நோய் வந்து அவள் இறந்துபோனாள். நாலு வருடம் ஆகிறது.

அடக்க ஆராதனையில் சபையார் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அமைதியான சகோதரி என்றார்கள். உழைப்பாளி, யாருக்கும் தொந்தரவு தராதவள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளா அமைதி? வாயைத் திறந்தால் மூட மாட்டாள். கம்பெனி சூப்பர்வைசர் நடப்பதையும் தும்முவதையும் நடித்துக் காட்டி என்னைச் சோறு தின்ன விடாமல் சிரிக்க வைப்பாள். என் நல்ல புடவைகளை எல்லாம் கட்டிக்கொண்டு போய் மஞ்சள் கறையோடு திரும்பி வருவாள். பஸ் வந்து ஹாரன் அடித்தால் குளியலறையிலிருந்தே, "ஹவ் பையா, ஆத்தூம்!" என்று, இதோ வருகிறேன் அண்ணா என்பதை உருது கலந்த இந்த ஊர்ப் பேச்சில் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். டிரைவரும் காத்திருப்பார். இப்படிப்பட்டவளை ஒரு நல்ல பிள்ளையாக்கிப் புதைத்துவிட்டு எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கோபத்தில்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடிக்க இரண்டு வருடம் பிடித்தது. சென்னையில் ஒரு பதிப்பகத்தாரிடம் போனில் பேசினேன். உங்கள் தங்கை யார் என்று கேட்டார்கள். மாத்திரை பேக் செய்தவள் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் என் மகன்தான் இணையத்தில் தேடி, வேண்டிய அளவுக்கு மட்டும் அச்சடித்துத் தருகிற இடம் ஒன்றைப் பிடித்தான். புத்தகம் வந்தது. பெட்டியைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்து அட்டையைத் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, புத்தகம் போடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, அதை யாராவது படித்தார்களா என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய பாடு என்று.

பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும், எழுதுகிறவருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்பது எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒன்று அனுப்பிவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தேன். பிறகு யாரோ சொல்லி, இரண்டாவது பிரதியையும் அனுப்பினேன். கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவள் நான், விதி என்றால் விதிதான். ஒரு பத்திரிகையில் போனை எடுத்த பெண் நல்லவிதமாகப் பேசினாள். வருகிற புத்தகங்களை வைக்க மேசையில் இடமில்லை, படித்து எழுதத்தான் ஆள் கிடைப்பதில்லை என்றாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எங்கள் ஆபீஸிலும் ஃபைல்கள் அப்படித்தான் கிடந்தன.

ஒரு மாதம் அந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின் கீழ், பொடி எழுத்தில் என் புத்தகத்தின் பெயர் வந்தது. பெயர், பக்கம், விலை, கிடைக்குமிடம். அவ்வளவுதான். மதிப்புரை எழுதாத புத்தகங்களுக்கு அங்கே இடம் கொடுப்பார்கள். வந்து சேர்ந்தது என்று ஒரு ரசீது. என் புத்தகத்துக்கு மேலே நீரிழிவுக்காரர்களுக்கான சமையல் குறிப்பு, கீழே யாரோ ஒருவரின் ஆன்மிகச் சொற்பொழிவு. அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டேன். ஆனாலும் அன்று முழுவதும் எனக்கு மனசே சரியில்லை. வந்து சேர்ந்தாள், சரி. யாராவது உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்களா?

என் வருத்தத்தைப் பார்த்து மகன் ஒரு திட்டம் போட்டான். அவனுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. புத்தகம் விற்கிற இணையதளத்தில் ரிவ்யூ வந்தால்தான் அடுத்தவர்கள் வாங்குவார்கள் என்றான். சபையிலும் சொந்தத்திலும் கேட்போம் என்றான். நானும் விமர்சனம் எழுதச் சொல் என்று சொல்லி வைத்தேன். அதைக் கேட்ட என் மருமகள் திகைத்துப் போனாள். அவள் தெலுங்குப் பெண். "அத்தம்மா, விமர்சனம்னா திட்றது இல்லையா? கைக்கு, ஏன் எல்லார்கிட்டயும் திட்டச் சொல்றீங்க?" என்றாள். தெலுங்கில் அந்தச் சொல்லுக்குக் குறை சொல்வது என்றுதான் அர்த்தமாம். அதுவும் வேண்டியதுதான் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

யாரும் திட்டவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடிக்கிற நேரத்தில், மகன் தன் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பிடித்து எழுத வைத்தான். 'காட் பிளெஸ் யூ ஆண்ட்டி' என்று ஒருவர். 'அருமையான புத்தகம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று ஒருவர். தமிழ் எழுத்தே தெரியாத என் அண்ணன் மகள், பேக்கிங் நன்றாக இருந்தது, டேமேஜ் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதினாள். பேக்கிங் பிரிவிலேயே காலத்தைக் கழித்தவள் அதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இரண்டே நாளில் எல்லாம் காணாமல் போயின. ஒரே கருவியிலிருந்து, ஒரே இடத்திலிருந்து, எல்லாருமே ஐந்து நட்சத்திரம் போட்டால் அந்த இணையதளம் சந்தேகப்பட்டு அழித்துவிடுமாம். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவற்றில் ஒரு வரியிலும் என் தங்கை இல்லை.

பிறகு கொண்டாபூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கூடுகிற தமிழ் வாசகர்கள் சிலரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து சமீபத்தில் வேலைக்கு வந்த சின்ன வயசுக்காரர்கள். திருமுல்கேரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது களைத்துப் போயிருந்தேன். நாற்காலி போட்டு, முறுக்கும் காப்பியும் கொடுத்து, புனைவா, அபுனைவா என்று கேட்டார்கள். என் தங்கை புனைவில்லை என்றேன். கூட்டத்தை நடத்துகிறவர் என்னிடமிருந்து சில பிரதிகளை வாங்கிக்கொண்டு, தனியாக அழைத்து ஒரு விஷயம் சொன்னார். கொடுத்ததை மறந்துவிடுங்கள், யாரையும் படித்தாயா என்று கேட்காதீர்கள், கேட்டால் உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்து நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதுவார்கள், உண்மையை எழுத மாட்டார்கள் என்றார். நியாயமாகப் பட்டது. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலை, நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் நடத்துகிற இணையப் பக்கத்தின் இணைப்பு ஒன்றைக் கூட்டத்தை நடத்துகிறவர் அனுப்பினார். கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். கூட்டத்துக்கே வராத ஒரு பெண், யாரிடமோ புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்து எழுதியிருந்தாள். நீளமான மதிப்புரை. என் நடை சில இடங்களில் ஆபீஸ் குறிப்பு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாள். இருக்கும். ஆனால் தங்கை வருகிற இடமெல்லாம் பக்கம் எழுந்து நடக்கிறது என்றும், சூப்பர்வைசர் தும்முகிற இடத்தில் ஆபீஸ் வண்டியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டதாகவும், இந்த மனுஷியின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு நாளாவது போக வேண்டும்போல இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். நான் அடுப்படியில் நின்றபடியே அழுதேன். அவளை ஒருத்தி பார்த்துவிட்டாள்.

கடைசிப் பத்திக்கு வந்தேன்.

'புத்தகத்தின் முடிவு எனக்கு வருத்தமாக இருந்தது. வயிற்று வலியை மறைத்ததற்காகத் தங்கையைத் திட்டுகிற அக்கா அதோடு பேச்சையே நிறுத்திவிடுகிறார். அப்படி என்ன சண்டை என்று சொல்லவில்லை. ஆனால் கோபம் தெரிகிறது. நானும் மல்லாபூரில்தான் வேலை செய்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொன்னால் நானே போய் உங்கள் தங்கையைப் பார்த்துப் பேசுகிறேன். வயது போய்க்கொண்டிருக்கிறது. சமாதானமாகிவிடுங்கள், அக்கா.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். வலியை இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் இருந்தாயே என்று அவளைத் திட்டுகிற இடம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி இடைவெளி. பிறகு, 'அதற்கப்புறம் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்றால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் அறைப் பக்கம் நான் போவதில்லை' என்று இருந்தது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரி இல்லை. அடக்கம் இல்லை. அவள் இறந்துபோனாள் என்று நான் எழுதவே இல்லை.

எழுதியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போவேன், அது ஞாபகம் இருக்கிறது. கடைசியில் அந்த இரண்டு வரியை எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்துப் பிரதியைப் படித்தவர்கள், பிழை திருத்திய சபைக்காரர் எல்லாரும் அடக்கத்துக்கு வந்தவர்கள். இடைவெளியில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் அது காலியாக இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. ஒன்றும் தெரியாத ஒருத்தி வந்துதான் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் சொன்னதில் ஒன்று சரி. எனக்குத் தங்கைமேல் கோபம்தான். சொல்லாமல் கொள்ளாமல் வலியைப் பொறுத்துக்கொண்டு, என்னை அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போனவள் அவள்.

மகனிடம் அந்தக் கடைசிப் பத்தியைப் படித்துக் காட்டினேன். "மிஸ்டேக்மா. நான் அவங்ககிட்ட சொல்லி கரெக்ட் பண்ணச் சொல்றேன்" என்றான்.

"நக்கோடா, வேணாம்," என்றேன். "மிஸ்டேக் அவளோடது இல்ல."

இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. இந்த ஊரில் ஒருத்தியின் கணக்கில் என் தங்கை இன்னும் காலையில் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். சண்டைக்காரியான அக்காவை வீட்டில் விட்டுவிட்டு மல்லாபூருக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பெண் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் போய் நின்று அவளை விசாரிக்கிற காட்சி மனதில் வந்தபோது பயந்துவிட்டேன். கூட்டத்தை நடத்துகிறவரிடம் சொல்லி, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு நம்பர் வாங்கினேன்.

மதிய உணவு நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். யார் என்று சொன்னதும் அவள் குரல் மலர்ந்தது. நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளே கேட்டாள், "தங்கச்சிகிட்ட பேசிட்டீங்களா, மேடம்?"

நாலு வருடமாக நான் அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவள் இறந்த அன்றைக்கு மகன்தான் எல்லாருக்கும் போன் செய்தான். அதற்குப் பிறகு சந்தித்தவர்கள் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

"இல்லம்மா," என்றேன். "அவ செத்துப்போயிட்டா."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பத்தானே மேடம் படிச்சு முடிச்சேன்," என்றாள். "நல்லாத்தானே இருந்தாங்க."

சொல்லிவிட்டு அழுதாள். என் தங்கை இறந்தபோது பலர் அழுதார்கள், அமைதியான சகோதரிக்காக அழுதார்கள். இவள் அந்த வாயாடிக்காக அழுதாள். அழாதேம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் அழட்டும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.