காமாலைக் காலத்தில் பார்த்த படங்கள்

மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்த அந்த மாதத்தில்தான் நான் முதன்முதலாகப் படம் பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் கடையில் சிரிப்பார்கள். என் பிழைப்பே படம்தான். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பல வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேனர் செய்துகொண்டிருக்கிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வேன். மாப்பிள்ளையின் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குவேன். தாய்மாமன்களை வயது வரிசையில் நிறுத்துவேன். பின்னால் ஓர் அருவி, மூலைக்கு மூலை ரோஜா. காலையிலிருந்து இருட்டும்வரை யார் யார் முகமோ என் கண் வழியாகப் போகும். வீட்டுக்கு வந்து படுத்தால் ஒன்றும் நினைவில் நிற்காது.

காமாலை வந்ததும் கடைக்கார அக்கா, ஒரு மாதம் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாளாகக் கடை நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது எனக்கு இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி ஊர் ஊராக இறக்குவது அவர் வேலை. விடியுமுன் மோர்ச் சோறு கரைத்து, தொட்டுக்கொள்ள எண்ணெய் இல்லாத வெஞ்சனம் ஒன்றையும் மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒரே மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, மாடி அறையில் நானும் ஜன்னலும்தான். ஜன்னலில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையின் ஒரு முதுகு தெரியும். கண்ணில் மஞ்சள் ஏறியிருந்ததாலோ என்னவோ, நண்பகலில் அந்தப் பாறை வெந்த பருப்பு நிறத்தில் மிதப்பது போலிருக்கும்.

அப்படி ஒரு மதியம் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். ‘அப்பா வண்டி மாதிரியே இருக்கும்மா’ என்று கீழே எழுதியிருந்தாள்.

காய்கறி லாரி ஒன்று போகிறது. மேலே மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெண் தூங்குகிறாள். கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் வானம். எதற்கும் ஓரக்கோடு கிடையாது. நிறமும் நிறமும் தொட்டுக்கொள்கிற இடத்திலேயே உருவம் முடிந்துவிடுகிறது. அவளுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு தீற்றல் மட்டும். ஆனால் அவள் எவ்வளவு அசந்து தூங்குகிறாள் என்பது தெரிந்தது. வண்டி எந்த வேகத்தில் போகிறது என்பதுகூடத் தெரிந்தது. எத்தனை முகங்களைத் திருத்தியிருக்கிறேன். முகமே இல்லாத ஒருத்தியை அன்றைக்கு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தபடியே தூங்கியும் போனேன்.

விழித்ததும் அதை வரைந்தது யார் என்று தேடினேன். சென்னையில் இருக்கிற ஒரு பெண். என்னைவிட இளையவள். இணையத்தில் அவள் படம் போடுகிற பக்கத்தில் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தேன். மத்தியான நேரத்து அறைகள், காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் நிற்கும் கால்கள், மழை வரப்போகிற மொட்டை மாடி. யார் யாருடைய படங்களை அவள் ரசித்திருக்கிறாள் என்று பார்த்து அவர்களிடம் போனேன். அவர்களிடமிருந்து இன்னொருவரிடம். தெருவுக்குள் தெருவாகப் பிரிகிற ஓர் ஊருக்குள் நடப்பதைப் போலிருந்தது.

தமிழ் எழுத்துகளை மட்டுமே வடிவமைக்கிற ஒருவரை அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒரு ‘ழ’வை அவர் வரைந்திருந்தார், வெயிலில் சுருண்டு படுத்த பூனை மாதிரி. நான் தினமும் விசைப்பலகையில் தட்டுகிற எழுத்து அது. அதற்கு வயிறும் வாலும் இருப்பது எனக்குத் தெரியாது. இன்னொருவர் பழைய துணிகளைக் கத்தரித்து ஒட்டி வயல்காடுகள் செய்கிறார். கட்டம் போட்ட கைலி கடலைக்காடாகிவிடும். உதிர்ந்த சரிகை, தூரத்தில் மின்னுகிற கண்மாய். கைகளை மட்டும் வரைகிற ஒரு பெண் இருந்தாள். பூரி மாவு திரட்டுகிற கை, ஊசி கோக்கிற கை, கைக்குழந்தையின் காதைத் துடைக்கிற கை. இத்தனை பேரும் நான் மூச்சுவிடுகிற இதே காலத்தில், எங்கேயோ ஒரு வாடகை வீட்டில் காப்பி ஆறிப்போவதைக் கவனிக்காமல் வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அதிசயமாக இருந்தது.

மருந்து மயக்கமும் படங்களும் கலந்துவிட்டன. பாதித் தூக்கத்தில் எங்கள் தெருவே கோடு இழந்துவிடும். கீழே தண்ணீர் லாரி வந்தால் அதன் நீலம் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து சுவரில் படிவது போலிருக்கும். பக்கத்து வீட்டு மாடியில் ஒருவர் புறாவுக்குக் கம்பு இறைப்பார். அவர் கை மட்டும் தனியாக வானத்தில் அசையும். விழித்துப் பார்த்தால் கை கையாகவும் ஆள் ஆளாகவும் இருக்கும். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார். அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் அவரிடம் காட்டுவேன். முதல் நாள் அந்த லாரிப் படத்தைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

“மூஞ்சியக் காணமே. முடிக்காம விட்டுட்டாகளோ?”

“இம்புட்டுதான் படமே.”

துணி ஒட்டிய வயல்கள்வரை மற்றதையும் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் வந்ததும் அவராகவே போனை எடுத்து, அந்தத் துணிக்காரர் புதிதாக ஏதும் போட்டிருக்கிறாரா என்று கேட்டார். அவருக்கு அந்தக் கடலைக்காடு பிடித்துப்போயிருந்தது. குஜிலியம்பாறைப் பக்கம் மழையை நம்பி விதைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிற அவருடைய பங்காளிகள் காடும் அதே கட்டம்தான் என்றார். பிறகு எங்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. இருட்டுகிறவரை இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்னத் திரைக்குள் பார்த்துக்கொண்டிருப்போம். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து ஒன்றைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

உடம்பு தேறுகிற சமயத்தில் தைரியம் வந்து அந்தச் சென்னைப் பெண்ணுக்கு ஒரு செய்தி எழுதினேன். பேனர் செய்கிறவள் என்றும், காமாலையில் படுத்திருக்கிறேன் என்றும், உங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன் என்றும். அனுப்பிய பிறகுதான், தூக்கம் வருகிறது என்று எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று கவலையாகிவிட்டது. சில நாள் கழித்துப் பதில் வந்தது. ‘இதைவிட நல்ல பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. உங்களை அக்கா என்று கூப்பிடலாமா’ என்று.

மறுபடி கடைக்குப் போனபோது உலகம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. முதலில் வந்தது நத்தத்தில் மாம்பழ மண்டி வைக்கப்போகிற ஒருவர். மண்டி திறப்புக்குப் பேனர். நான் ரோஜாவையும் அருவியையும் தொடாமல், ஒரு மாந்தோப்பின் நிழலை மட்டும் வரைந்து, அந்த நிழலுக்குள் அங்கங்கே மஞ்சளாகப் பழம் தெரிகிற மாதிரி செய்தேன். அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “நல்லாத்தேன் இருக்கு. என் போட்டோ எங்கம்மா வரும்?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. வாழ்க்கையில் ஒருமுறை மண்டி திறக்கிறார். தன் முகத்தை ஊர் பார்க்க வேண்டாமா? நிழலை எடுத்துவிட்டு அவரையும் அவருடைய அப்பாவையும் பெரிதாக வைத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் அந்த நிழலைக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்க மனம் வரவில்லை.

அந்த வாரம் சென்னைப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. மதுரைக்கு ரயிலில் போகிறேன், காலையில் திண்டுக்கல்லில் வண்டி நிற்கும், வர முடியுமா என்று. நான் இருட்டோடு எழுந்து தலை குளித்துப் பட்டுச்சேலையை எடுத்தேன். அது அதிகப்படி என்று தோன்றி மடித்து வைத்துவிட்டுப் பருத்திச்சேலை கட்டினேன். வீட்டுக்காரர் ஒரு சீப்பு சிறுமலைப்பழம் வாங்கிக் கையில் கொடுத்து என்னை ஜங்ஷனில் இறக்கிவிட்டார். தானும் உள்ளே வந்தால் பேச்சு வராது என்று வெளியிலேயே நின்றுகொண்டார்.

வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. கிழக்கே சிறுமலை சாம்பல் நிறத்தில் நீளமாகக் கிடந்தது. வண்டி வந்து நின்றதும் ஒரு பெட்டியின் வாசலில் கலைந்த முடியோடு ஒருத்தி இறங்கி நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. மனதில் நான் வைத்திருந்த ஆள் வேறு. நெடுநெடுவென்று, பெரிய பொட்டோடு. இவள் என் தோளுயரம்கூட இல்லை.

“அக்கா, நீங்கதானா?”

வழியெல்லாம் எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, “சாப்டீங்களா?” என்பதுதான்.

“இன்னும் பல்லே விளக்கலக்கா” என்று சிரித்தாள். பழத்தை வாங்கி முகத்தருகே வைத்து மோந்து பார்த்தாள். அந்த மலையின் பெயர் என்ன என்று கேட்டாள். இந்தப் பழம் அங்கிருந்துதான் வருகிறது என்றேன். அவள் பழத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கேட்டே ஆகவேண்டும் என்றிருந்ததைக் கேட்டுவிட்டேன். லாரியில் தூங்குகிறவளுக்கு ஏன் முகம் இல்லை?

“முகம் வரைஞ்சேன்க்கா. நல்லாவே வந்துச்சு. ஆனா முகம் வந்ததும் அவ தூக்கம் போயிடுச்சு. அதான் அழிச்சிட்டேன்.”

நான் தலையாட்டினேன். பிறகு அவள், நீங்களும் வரைவீர்களா என்று கேட்டாள். வரைகிறதெல்லாம் இல்லை, மூஞ்சிகளை ஒட்டுகிற வேலைதான் என்றேன். தானும் கொஞ்ச காலம் கல்யாணப் பத்திரிகைதான் செய்துகொண்டிருந்ததாகச் சொன்னாள். “மேல போடுற பிள்ளையாருக்கு மட்டும் ஒவ்வொரு பத்திரிகைக்கும் வேற வேற தும்பிக்கை வரைவேன். ஒருத்தரும் கவனிச்சதில்ல. எனக்கு அது போதுமா இருந்துச்சு.”

வண்டி நகர ஆரம்பித்ததும் ஏறிக்கொண்டாள். கதவருகே நின்று, பழச்சீப்பை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கையசைத்தாள். வண்டி போன பிறகு நடைமேடை ரொம்ப நீளமாக இருந்தது. வெளியே வந்ததும் வீட்டுக்காரர், என்ன பேசினாக என்று கேட்டார். சொன்னேன். தும்பிக்கை விஷயத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அவள் என்னை வரைவாள் என்று மனதுக்குள் ஓர் ஆசை இருந்தது. புதுப் படம் வரும்போதெல்லாம் அதில் நடைமேடையோ மலையோ இருக்கிறதா என்று தேடுவேன். கடல் வந்தது, சலூன் வந்தது, யாரோ ஒருவருடைய வாஷிங் மெஷின் வந்தது. நான் வரவில்லை. கொஞ்ச நாளில் தேடுவது நின்று, பார்ப்பது மட்டும் மிஞ்சியது.

அதற்குள் நான் கள்ளத்தனமாக ஒன்று செய்ய ஆரம்பித்திருந்தேன். சடங்கு பேனரில் மூலை ரோஜாவுக்குப் பதில் நானே வரைந்த செவ்வரளி. கண்ணீர் அஞ்சலியில் மேகத்துக்குக் கீழே, யாருக்கும் தெரியாத அளவில் ஒரு கொக்கு வரிசை. முகங்கள் எல்லாம் அவரவர் இடத்திலேயே இருந்தன. ஒருநாள் கடைக்கார அக்கா பின்னால் வந்து நின்று, “ஏம்மா, இந்தப் பூவ எங்கருந்து எடுத்த?” என்றார்.

“வரைஞ்சேன்க்கா.”

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். “சரி, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் சேவுகம்பட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். ரோட்டோரத்தில் பூக்கடை போடுகிறார். கடைக்கு மேலே கட்ட ஒரு பேனர் வேண்டும். வழக்கம்போல போட்டோ கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“என் மூஞ்சியப் பாத்தா பூ வாங்க வருவாக? பூவ மட்டும் போடு தாயி.”

இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பந்து மல்லிகை வாங்கி, ஈரத்துணியில் சுற்றிச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரியாத மொட்டுகள். துணி ஓரத்தில் தண்ணீர் ஊறி நிறம் அடர்ந்திருந்தது. நான் மல்லிகையை வரையவில்லை. துணியைத்தான் வரைந்தேன். சாயங்கால ஊதா நிறத்தில் நனைந்த துணி, அது பிரிகிற இடத்தில் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு கோடும் போடாமல் விட்டுவிட்டேன்.

அக்காவுக்குச் சந்தேகம். இவ்வளவு இடம் வெறுமனே கிடந்தால் மை தீர்ந்துபோச்சு என்று நினைக்கப்போகிறார்கள் என்றார். நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். அந்த அம்மா வந்ததும் விரித்துக் காட்டினோம். அவர் குனிந்து, அந்த ஊதாவை ஒரு விரலால் தொட்டார். பிறகு விரலைப் பார்த்தார்.

“ஈரமா இருக்காப்புல இருக்கு” என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேனரைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

இது நடந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டில் தக்காளி இறக்கப் போன வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். திரும்பும்போது அந்தப் பூக்கடையைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர்தான் சேவுகம்பட்டி வழியாக விட்டார். நல்ல மழை. கண்ணாடியில் வைப்பர் போய் வருகிற இடைவெளியில் தென்னைகளும் ஆட்களும் கரைந்து கரைந்து சேர்ந்தார்கள். வளைவு தாண்டியதும் தூரத்தில் ஓர் ஊதாத் தீற்றலும் நடுவில் வெள்ளையும் தெரிந்தன. அதன் கீழே மழைக்கு ஒதுங்கி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் தலையைச் சாய்த்துக் கொடுக்க, இன்னொருத்தி பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“நிறுத்தவா?” என்றார்.

“வேணாம். மெதுவா மட்டும் போங்க.”

அவர் கியரைக் குறைத்தார்.